ஆம்பளத் துணை

மாசி மாதத்தில் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குள் நுழைந்தால் தும்மாமல் வெளியே வர முடியாது. சுற்றுவட்டாரத்தில் அறுத்த சம்பா நெல் முழுக்க அங்கேதான் வரும். டிராக்டர்களும் மினி லாரிகளும் வாசலைத் தாண்டி ரோட்டோரமாக வளைந்து நிற்கும். முந்தின நாளே வந்து வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பவர்கள் உண்டு. நெல்லுச் சுணை கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு அரிக்கும். அந்தக் களத்தில்தான் மணிமொழி விழுந்தாள்.

தன்னுடைய குட்டியானை வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, மேலே நின்றபடி மூட்டைகளை லோடுமேன்களின் முதுகுக்குச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மூட்டை இறங்கியிருந்தது. அடுத்த மூட்டையின் காதைப் பிடித்தவள் பிடித்தபடியே உட்கார்ந்தாள். கீழே முதுகைக் காட்டி நின்றவன், களைப்பாற உட்காருகிறாள் என்று காத்திருந்தான். "மணிண்ணே, சாய்ண்ணே" என்றான். பதில் வராமல் திரும்பிப் பார்த்தபோது அவள் மூட்டைகளின்மேல் ஒருக்களித்துச் சரிந்திருந்தாள். கருஞ்சாம்பல் நிறப் பேன்ட் தொடைவரை கறுத்து நனைந்திருந்தது.

ஓடிவந்த ஆண்கள் தூக்கக் கை நீட்டினார்கள். நீட்டிய கைகள் பாதியில் நின்றன. அடிபட்டு வரும் ரத்தம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. வருஷக்கணக்காக அவள் தோளில் கைபோட்டு டீ குடித்தவர்கள், இப்போது எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றார்கள். களத்தில் சிந்தின நெல்லைக் கூட்டி அள்ளும் பெண்களில் ஒருத்தியான ரஞ்சிதம் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வண்டிமேல் ஏறினாள். காலிச் சாக்கு ஒன்றை உதறி மணிமொழியின் இடுப்பில் போர்த்தினாள். "அந்தாண்ட போங்கய்யா" என்று சொல்லிவிட்டு, கூட இருந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள்.

செஞ்சியை ஒட்டிய சக்கராபுரத்து வீட்டில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த சுதர்சனாவுக்கு லோடுமேன் ஒருவன்தான் போன் செய்தான். "அண்ணி, நம்ம அண்ணனுக்கு…" என்றவனுக்கு அதற்குமேல் வாக்கியம் வரவில்லை. போனை ரஞ்சிதத்திடம் கொடுத்துவிட்டான். ரஞ்சிதம் ஒளிக்காமல் சொன்னாள்.

மணிமொழியும் சுதர்சனாவும் ஒன்றாகக் குடும்பம் நடத்தத் தொடங்கி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. சுதர்சனா மேல்சித்தாமூர்க்காரி. நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். அப்பா விருஷபதாஸ் இறந்தபிறகு நிலத்தை அவளும் அம்மா அனந்தமதியும்தான் பார்த்துக்கொண்டார்கள். அறுப்புக்கு நெல் ஏற்ற வந்த வண்டி மணிமொழியுடையது. அவள் அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் ஒரு கிராமத்துச் செல்லப்பனின் மகள். அப்பா போனபின் அண்ணனோடு ஒத்துவராமல், வண்டி ஒன்றைத் தவணையில் எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்தவள். நெல்லுத் தூசு தலைக்குள் இறங்கி அரிக்கிறதென்று முடியை வெட்டிக்கொண்டாள். மூட்டை தூக்கத் தோதாகச் சட்டையும் பேன்ட்டும் போட்டாள். அவ்வளவுதான் அவளைப் பொறுத்தவரை.

முதலில் வாய்திறந்தது சுதர்சனா. களத்துமேட்டில் கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, "நான் உங்கூட வந்துடட்டுமா?" என்று கேட்டாள். மணிமொழி பயந்துபோய்ச் சில நாள் அந்தப் பக்கமே வண்டியை விடவில்லை. சுதர்சனாவே பஸ் ஏறி செஞ்சிக்கு வந்து, டீக்கடை வாசலில் அவளைப் பிடித்து மறுபடி கேட்டாள்.

ஆனால் ஊர் அதை வேறுமாதிரி வைத்துக்கொண்டது. சட்டை போட்டவள் ஆண், புடவை கட்டினவள் பெண். மூட்டை தூக்குகிறவள் புருஷன், ஜாக்கெட் தைக்கிறவள் பெண்டாட்டி. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது. வீடு தேடி அலைந்த காலத்தில் இரண்டு பெண்கள் என்றதும் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். குஞ்சம்மாள் மட்டும் மணிமொழியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முன்கட்டில் தான் ஒண்டியாக இருப்பதாகவும், ஆம்பள மாதிரி ஒரு ஆள் பின்கட்டில் இருந்தால் தனக்கும் துணையாக இருக்கும் என்றும் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டார்கள். வீடு கிடைத்ததே என்றிருந்தது.

அந்தச் சிரிப்பு போகப்போகக் குறைந்தது. மணிமொழிக்குக் கோலம் நன்றாக வரும். செல்லியம்மன் கோயில் மார்கழிக்கு ஊரில் அவள் போட்ட கோலத்தைத் தாண்டிப் போகவே ஆட்கள் யோசிப்பார்களாம். சக்கராபுரத்திலும் முதல் மார்கழிக்கு வாசலில் உட்கார்ந்து இழை இழுத்தாள். குஞ்சம்மாள் பார்த்துவிட்டு, "இன்னாப்பா மணி, நீ போய் இதெல்லாம் பண்ணிக்கினு. உள்ள பொண்டாட்டி இல்ல?" என்றாள். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னாள். மணிமொழி கோலமாவுக் கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து புள்ளி நேராக வராத சுதர்சனா கோலம் போட்டாள்.

கேஸ் சிலிண்டரை உருட்டிவந்து மாட்டுவதும், பியூஸ் போனால் ஸ்டூல் போட்டு ஏறுவதும், குளியலறையில் வந்த தேளை விளக்குமாற்றால் அடித்ததும் சுதர்சனாதான். மணிமொழி தேள் என்றால் கட்டிலைவிட்டு இறங்கமாட்டாள். சமையலும் மணிமொழியுடையதுதான் ருசி. நயினார் வீட்டுக்காரிக்காக வீட்டில் கவுச்சி சமைப்பதை விட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் உலையிறக்கப் பழகியிருந்தாள். கருவாட்டுக்கு ஆசை வந்தால் ரோட்டுக்கடையில் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வருவாள். இதெல்லாம் கதவுக்கு உள்ளே. வெளியே அவள் மணியண்ணன்.

அதில் சௌகரியமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. விடியற்காலை வரிசையில் வண்டிக்குள் படுத்துத் தூங்கினால் ஒருத்தனும் கிட்டே வரமாட்டான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தபிறகும் அவள் காசு கொடுத்தே டிக்கெட் வாங்கினாள். கண்டக்டருக்கு விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அனந்தமதி சில வருஷம் மகளோடு பேசவே இல்லை. பிறகு ஒருநாள் பயறும் வெல்லமும் எடுத்துக்கொண்டு சக்கராபுரத்துக்கு வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த மணிமொழியைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "வாங்க" என்றாள். மகளிடம், முதலில் அவருக்குச் சோறு போடு என்றாள். அந்த 'அவருக்கு' என்ற சொல்லைக் கேட்டு சுதர்சனா அடுப்பங்கரையில் நின்று அழுதாள். அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்பது மட்டும்தான் அப்போது அவளுக்குத் தெரிந்தது. அடுத்தடுத்து வந்தபோது அனந்தமதி 'மாப்ள' என்று கூப்பிடத் தொடங்கினாள். மாப்பிள்ளை சாப்பிட்ட தட்டை மாப்பிள்ளையே கழுவினால் முகம் சுளித்தாள். அவள் வரும் நாட்களில் மணிமொழி கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பாள். போனபிறகும் சில நேரம் எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடு என்று சுதர்சனா ஒருமுறை கேட்டாள். எதுக்கு, நான் இல்லியா என்றாள் மணிமொழி. ஆரம்பத்தில் அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. சுதர்சனாவும் அதற்குமேல் கேட்கவில்லை.

ரத்தப்போக்கு அந்த வருஷ மழைக்காலத்தில் தொடங்கியது. மாதா மாதம் வந்தது மாதம் முழுக்க என்றானது. வீட்டுக்கு நாப்கின் வாங்குவது மணிமொழியின் வேலை. மெடிக்கல்காரன் பேப்பரில் சுற்றிக்கொடுத்து, "வூட்டுக்காண்ணே" என்பான். தனக்கும் சேர்த்து வாங்கி, தன்னுடையதை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் சீட்டில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். கறையான சாக்கை ஏரிக்கரையில் கொளுத்தினாள். வெளிர்நிறப் பேன்ட்டுகளைப் போடுவதை விட்டாள். தரம் பார்க்க மூட்டையில் குத்தும் குத்தூசியில் வரும் நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். உதடு வெளுத்திருப்பதை சுதர்சனா பார்த்துக் கேட்டாள். வெயில் என்றாள். ராஜகிரி பக்கம் உள்ளூர் லோடு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவள் ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து எழுந்திருக்கவே முடியாமல் இருந்தாள். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

செஞ்சியில் பார்த்துவிட்டு விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை, முதலில் ரத்தம் ஏற்றவேண்டும், கர்ப்பப்பையில் பெரிய பெரிய கட்டிகள், அதை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். இத்தனை நாள் எப்படித் தாங்கினாள் என்று சுதர்சனாவைக் கேட்டாள்.

பெண்கள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். வெட்டின முடியும் சட்டையுமாக ஒரு உருவம் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரியின் அம்மா சத்தம் போட்டாள். பிள்ளை பெற்றவள் துணி விலகிக் கிடக்கிற இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று கேட்டாள். நர்ஸ் வருவதற்குள் மணிமொழி தலையைத் திருப்பினாள்.

"நான் பொம்பளதாம்மா" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது. அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரொம்ப வருத்தப்பட்டு, தன் மகளுக்கு வைத்திருந்த சாத்துக்குடியில் இரண்டை உரித்துக் கொடுத்தாள்.

மணிமொழியின் அண்ணன் ஆனந்தராஜ் தகவல் தெரிந்து வந்தான். ஊரில் வாலிபப் பையன்கள் அவனிடம், "உங்க அண்ணன் எப்டி இருக்காரு?" என்று தங்கச்சியைப் பற்றிக் கேட்டுச் சிரிப்பார்களாம். அதனாலேயே செஞ்சிக்கு வந்தாலும் கமிட்டிப் பக்கம் போகமாட்டான். இப்போது நைட்டியோடு படுத்திருந்த தங்கச்சியைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதான். சுதர்சனாவைப் பார்த்துத் திட்டவில்லை. அவள் நிற்பதையே அவன் கவனிக்கவில்லை. கையெழுத்து யார் போடுவது என்று நர்ஸ் கேட்டபோது இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். நர்ஸ் உறவுமுறை கேட்டாள். ஆனந்தராஜ், "கூடப்பொறந்த அண்ணன்" என்றான். சுதர்சனாவின் வாயில் எந்தச் சொல்லும் வரவில்லை. வீட்டுக்காரி என்று கமிட்டியில் சொல்லலாம், மெடிக்கலில் சொல்லலாம். இந்த வார்டில் அது பொருந்தவில்லை. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

ஆபரேஷன் முடிந்து நினைவு நன்றாகத் திரும்பிய ஒரு மத்தியானம். பக்கத்துக் கட்டில்காரி பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கினாள். சுதர்சனா டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"எப்பருந்து?"

"மழ பெஞ்சிதே, அப்பருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

மணிமொழி மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லலாம்னுதான் வருவேன். வண்டிய நிறுத்திட்டு உள்ள வந்தா உங்கம்மா எழுந்து நிப்பாங்க. அப்றம் எங்க சொல்றது."

"எங்கம்மா எந்நேரமும் அங்கியா குந்தியிருந்துச்சி? நீயும் நானும் மட்டும் இருக்கசொல்ல?"

"அப்பவும் வாய் வரல சுதா. எனக்கே மறந்துபோன மாதிரி ஆயிடுச்சி. இதெல்லாம் உனுக்கு வரது, எனுக்கு வரது இல்லன்னு… எப்டி சொல்றதுன்னு தெரியல. வெக்கமா இருந்துச்சி."

"நான் உன்ன ஆம்பளன்னா வந்தேன்? எனுக்கு ஆம்பள வேணும்னா எங்கம்மா காட்டனவனயே கட்டிக்கினு போயிருப்பனே. உன்னத்தான வந்து கேட்டேன்."

"நீ அப்டி நெனைக்கல. தெரியும்."

சுதர்சனா கஞ்சியை மறுபடி ஆற்றினாள். பிறகு மணிமொழி குற்றம் சொல்கிற குரல் இல்லாமல் சொன்னாள்:

"உங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல, எங்க வூட்டுக்காரு வண்டி உட்டுட்டு வராருன்னு யாருகிட்டியோ சொன்ன. நான் பின்னாடி நின்னுனு இருந்தேன். உம் மொகம் அப்டி ஒரு சந்தோசமா இருந்துச்சி. அத கெடுக்கறதுக்கு மனசு வரல."

சுதர்சனா டம்ளரைக் கீழே வைத்தாள். அது உண்மை. அந்தக் கல்யாணப் பந்தியில் மற்றப் பெண்களைப்போல ஒரு சொல்லைத் தானும் சாதாரணமாகச் சொல்ல முடிந்த சந்தோஷம் அவளுக்கு இருந்தது. அந்தச் சொல் யார்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அவள் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தாள். கஞ்சி ஆறிவிட்டது, குடி என்று மட்டும் சொன்னாள்.

அனந்தமதி மறுநாள் வந்தாள். பொழுதுக்கு முன்னால் ஊட்டிவிட வேண்டும் என்று பருப்புச் சாதம் குழைய வடித்துத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தாள். வார்டு வாசலிலிருந்து வரிசையாக இருந்த கட்டில்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், மணிமொழியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். பூப்போட்ட நைட்டி. கையில் ஊசி செருகிய பிளாஸ்டர். அனந்தமதியின் கை வழக்கம்போல முந்தானையைத் தோளுக்கு இழுக்கப் போய் அப்படியே நின்றது. பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மணிமொழியின் எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

பிரியமாகத்தான் கேட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வாயில் ஊட்டினாள். மணிமொழி ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அனந்தமதி மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பொம்பளன்னு எனுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எல்லாம் தெரியும். தெரிஞ்சிதான் மனச அப்டி மாத்தி வெச்சிக்கினேன். ஊர்ல கேட்டா, எம் பொண்ணு சும்மா போயிடல, ஆம்பளத் துணையாட்டம் ஒண்ணு இருக்குது, சம்பாரிச்சிப் போடுதுன்னு சொல்லிக்கினேன். இப்ப கமிட்டில பட்டப்பகல்ல எல்லாரும் பாத்துட்டாங்க. மேல்சித்தாமூர் வரைக்கும் வந்துடுச்சி. இனிமே நான் இன்னா சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா."

"சொல்லாம எப்டிடி? கேக்கறாங்களே."

அனந்தமதி குழாயை மூடிவிட்டு, ஈரக்கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்கு ஆறுதலாக எதைச் சொன்னாலும் மணிமொழியைத் திரும்ப ஆணாக்கித்தான் சொல்லவேண்டும் என்று சுதர்சனாவுக்குத் தெரிந்தது. அதனால் அவளும் அழுதாள்.

டிஸ்சார்ஜ் ஆகிச் சக்கராபுரத்துக்கு வந்தார்கள். பல மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, அதற்குப் பிறகும் மூட்டை வேலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். லோடுமேன்கள் சிலர் பார்க்க வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கூடத்தில் வைத்துவிட்டு வாசற்படிக்கு அந்தப்பக்கமே நின்றார்கள். உடம்பப் பாத்துக்கங்க என்றார்கள். அண்ணே என்றும் சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் பேச்சே சீக்கிரம் தீர்ந்துபோனது. சீசன் நேரம் என்பதால் வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். மணிமொழியின் போன் அடிப்பது நின்றது.

குஞ்சம்மாள் தினமும் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். பத்தியச் சாப்பாடு இன்னது என்று சொல்லிக்கொடுத்தாள். பங்குனி பிறந்த பிறகு ஒருநாள் வந்து, சொல்ல முடியாமல் சொன்னாள். சித்திரைக்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது.

"நாங்க இன்னா தப்பு பண்ணோம்?" என்று சுதர்சனா கேட்டாள்.

"தப்புன்னு யாரும்மா சொன்னா? தங்கமானவங்க நீங்க. ஆனா ஒரு ஆம்பளத் துணை இருக்குதுன்னு நெனச்சிக்கினு நான் பாட்டுக்குத் தூங்குனு இருந்தேன். இப்ப முன்னாடி ஒரு பொம்பள, பின்னாடி ரெண்டு பொம்பள. எனுக்கு பயமா இருக்குதும்மா. கதவு தட்டனாக்கூட பக்குனுது."

இத்தனை வருஷமும் இதே இரண்டு பெண்கள்தானே இருந்தார்கள் என்று சுதர்சனா சொல்லிப் பார்த்தாள். அது குஞ்சம்மாளுக்குப் புரிந்தது. புரிந்தும் பயம் போகவில்லை. அதற்குமேல் அவளோடு என்ன சண்டை போடுவது?

வீட்டுக்குள்ளும் சரியாக இல்லை. மணிமொழியைச் சுதர்சனா குளிப்பாட்டினாள், வெந்நீர் வைத்தாள், தைத்துக் கொடுத்து வந்ததில் சமையல் சாமான் வாங்கினாள். மணிமொழி ஒவ்வொன்றுக்கும் கூசினாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பாள். உனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் நான் கிடந்து பார்க்கமாட்டேனா, அதுபோல நினைத்துக்கொள் என்று சுதர்சனா கெஞ்சினாள். அது வேற என்றாள் மணிமொழி. என்ன வேறு என்று கேட்டதற்கு அவளாலேயே சொல்ல முடியவில்லை. ஒருநாள் சாம்பாருக்கு நறுக்கியாவது தருகிறேன் என்று அரிவாள்மனையை இழுத்து உட்கார்ந்தாள். முன்னெல்லாம் பேசிக்கொண்டே நறுக்கித் தள்ளுகிறவள் ஒரு கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இப்ப இத பண்ணா, தோத்துட்டு பண்ற மாதிரி இருக்குது" என்றாள். சுதர்சனா அவள் கையிலிருந்து கத்தரிக்காயை வாங்கிக்கொண்டாள்.

ஆனந்தராஜ் வந்து கூப்பிட்டபோது போகிறேன் என்று சொன்னது மணிமொழிதான். கொஞ்ச நாளைக்கு, உடம்பு தேறுகிறவரைக்கும் என்றாள். சுதர்சனா போகாதே என்று சொல்லவில்லை. சித்திரைக்குப் பிறகு இருக்க வீடு இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் கூட யார் என்றார்கள். வண்டியை ஆனந்தராஜ்தான் எடுத்தான். மணிமொழி இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி வாங்கின நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. பழக்கத்தில் வலதுகால் பிரேக்கைத் தேடித் தகரத்தை அழுத்தியது. சுதர்சனா ஜன்னல் வழியாகத் தலையணையை முதுகுக்கு வைத்துவிட்டாள். குஞ்சம்மாள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்திரை முதல் வாரத்தில் சுதர்சனா தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு மேல்சித்தாமூருக்குப் போனாள். அவளும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னாள்.

வைகாசியில் ஒருநாள் சுதர்சனா மணிமொழியைப் பார்க்கப் போனாள். பஸ் இறங்கிக் கொஞ்சம் நடக்கவேண்டும். கிணற்றுப் பாசனத்தில் போட்ட நிலக்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, பிடுங்கி வேப்பமரத்தடியில் குவித்திருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். செம்மண்ணும் பச்சைக்காய் வாசனையுமாக இருந்தது. அந்த வட்டத்தில் மணிமொழியை அவள் உடனே கண்டுபிடிக்கவில்லை. முடி காதுக்குக் கீழே இறங்கியிருந்தது. நெற்றியில் ஒட்டுப்பொட்டு. நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. சுதர்சனாவைப் பார்த்ததும் எழப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஆனந்தராஜின் பெண்டாட்டி மீனம்பாள் நல்ல மாதிரி. மோர் கொடுத்தாள், அவித்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி முன்னால் வைத்தாள். மற்றப் பெண்கள் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது அவள் மட்டும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உங்க ரெண்டு பேர்ல இவங்கதான ஆம்பள மாதிரி? இப்ப இவங்களும் இப்டி ஆயிட்டாங்க. அப்பன்னா நீங்க மாறிக்குவீங்களா, எப்டி?"

அவள் முகத்தில் கேலி இல்லை. புரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. சுதர்சனா கையில் இருந்த செடியின் வேரை உதறிக்கொண்டே இருந்தாள்.

"யாரும் ஆம்பள இல்ல மீனா" என்றாள் மணிமொழி. "அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. ரெண்டு பேரும் பொம்பளைங்க. அப்டியேதான் பிரியமா இருந்தோம். சமாச்சாரமே அவ்ளோதான்."

எத்தனையோ வருஷமாகச் சொல்லியிருக்கவேண்டியதை இந்த வேப்பமரத்தடியில் அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சுதர்சனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மீனம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் லேசானது, சிரித்தாள்.

"அட, சும்மா பிரண்ட்ஸ்தானா? ஊர்ல இன்னா இன்னாமோ கதை கட்டிட்டாங்களேக்கா. நான்கூட பயந்துட்டேன்" என்றாள்.

அதன்பிறகு வந்தவர்களிடமெல்லாம், இது எங்க நாத்தனாரோட பிரண்டு என்று சொன்னாள். மணிமொழி மறுக்க வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டாள். எங்கே தொடங்கி எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுதர்சனாவுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புவரை மணிமொழி மெதுவாக நடந்து வந்தாள். வேலை முடித்துப் போகும் பெண்கள் ஸ்டாப்பிங்கில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் சிமென்ட் மேடையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மேல்சித்தாமூரில் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று மணிமொழி கேட்டாள். பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள் சுதர்சனா. அம்மா யாரிடமோ தனக்கு வரன் பற்றிப் பேசியதை அவள் சொல்லவில்லை. அண்ணன் வண்டியை விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பதை மணிமொழியும் சொல்லவில்லை.

"எப்ப வர?" என்று சுதர்சனா கேட்டாள்.

"எங்க வரது சுதா? வூடு எங்க இருக்குது?"

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த கிழவி இருவரையும் பார்த்து, அக்கா தங்கச்சியா என்று விசாரித்தாள். மணிமொழி ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினாள். கிழவி அதோடு திருப்தியாகி ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

சுதர்சனா மணிமொழியின் கையைப் பிடித்தாள். ஊர் அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்று வைத்திருந்த அத்தனை வருஷத்திலும் அவர்கள் வெளியில் கையைப் பிடித்துக்கொண்டதில்லை, ஆண் பெண் அப்படிச் செய்தால் தெருவே பார்க்கும் என்று. இப்போது யாரும் பார்க்கவில்லை. மல்லாட்டைச் செடியின் சாறும் மண்ணும் பட்டு மணிமொழியின் விரல்கள் கறுத்துப் பிசுபிசுத்தன. மூட்டை தூக்கிக் காய்த்திருந்த இடங்கள் மெதுவாகத் தோல் உரிய ஆரம்பித்திருந்தன. அந்த இடங்களைச் சுதர்சனா கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

செஞ்சி பஸ் வந்தது. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். கிழவி படியில் நின்று, ஏறலியா என்று கேட்டாள். அடுத்த பஸ்ஸில் வருவதாக சுதர்சனா சொன்னாள். பஸ் போய், தூசு அடங்கி, ரோடு காலியானது. இருவரும் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.